நியமனத்தில் வந்தவர், நியமனத்தை எதிர்த்தவர்

புதுச்சேரிக்கு மாநிலத் தகுதி வேண்டும் என்று அதன் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. ஆட்சிக்கு வரும் கட்சி மாறுகிறது, கோரிக்கை மாறுவதில்லை. 2019-இல் மாநிலமாக இருந்து ஒன்றியப் பிரதேசமாக இறக்கப்பட்ட ஜம்மு காஷ்மீரிலும் அதே குரல் கேட்கிறது. இந்தக் கோரிக்கை எழும்போதெல்லாம் பொதுவெளியில் ஒரு மறுமொழியும் கூடவே வருகிறது: நேர்மையும் திறமையும் உள்ள ஒருவரைத் துணைநிலை ஆளுநராக அனுப்பினால் போதாதா? கோளாறு ஆளிடம் இருக்கிறதா, பதவியிலேயே இருக்கிறதா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி.

மோசமான ஒரு ஆளுநரைக் காட்டி இதற்கு விடை சொல்வது எளிது. ஆனால், ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்த்தரப்பு அதைத் தள்ளிவிடும். ஆகவே, இப்படி அனுப்பப்பட்டவர்களிலேயே மிகச் சிறந்தவர் என்று மதிக்கத்தக்க ஒருவரை எடுத்துக்கொண்டு பார்ப்பதே நியாயம். அமெரிக்காவின் நேரடி ஆட்சிப் பிரதேசமாக இருந்த அலாஸ்காவை 1939 முதல் 1953 வரை நிர்வகித்த எர்னஸ்ட் குரூனிங் அப்படிப்பட்டவர். அவருடைய வாழ்க்கையைப் படித்தால், நல்லவர் ஒருவர் அந்தப் பதவியில் எவ்வளவு தூரம் போக முடியும், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டியிருக்கும் என்பது விளங்கும்.

மருத்துவம் படித்த பத்திரிகையாளர்

குரூனிங் 1887-இல் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற கண் மருத்துவர். மகனும் ஹார்வர்டில் மருத்துவம் படித்து 1912-இல் பட்டம் வாங்கினார். ஆனால், மருத்துவத் தொழிலில் இறங்கவே இல்லை, பத்திரிகைக்குப் போய்விட்டார். பாஸ்டன் நாளிதழ்களில் வேலை பார்த்து, 1920-களின் தொடக்கத்தில் 'தி நேஷன்' வார இதழின் நிர்வாக ஆசிரியரானார். ஹைட்டியை அமெரிக்கப் படைகள் ஆக்கிரமித்திருந்ததைக் கடுமையாக எதிர்த்த இதழ் அது. மெக்சிகோவைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். மெய்ன் மாநிலத்தில் ஒரு நாளிதழை நிறுவி, மின்சார நிறுவனங்களின் ஆதிக்கத்தோடு மோதினார். ஒரு நாடு இன்னொரு மக்களை அவர்கள் சம்மதமின்றி ஆளக் கூடாது என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

இந்தக் கொள்கைக்காரரைத்தான் 1934-இல் அதிபர் ரூஸ்வெல்ட், அலாஸ்கா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற பிரதேசங்களைக் கவனிக்கும் உள்துறைப் பிரிவின் இயக்குநராக அமர்த்தினார். அடுத்த ஆண்டே போர்ட்டோ ரிக்கோ மறுசீரமைப்புத் திட்டமும் அவர் கைக்கு வந்தது. அங்கே நடந்ததை அவரைப் போற்றுபவர்கள் விரைவாகக் கடந்துபோய்விடுகிறார்கள். என் பார்வையில் அவருடைய வாழ்க்கையில் மிக முக்கியமான பகுதி அது. 1936 பிப்ரவரியில் அந்தத் தீவின் காவல்துறைத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிடிபட்ட, சுதந்திரம் கேட்கும் இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்களைக் காவலர்கள் காவல் நிலையத்திலேயே கொன்றார்கள். முதல் கொலையைக் கண்டித்து அறிக்கை விடும்படி, தன் நண்பரும் தீவின் முன்னணித் தலைவருமான லூயிஸ் முன்யோஸ் மாரினை குரூனிங் வற்புறுத்தினார். இரண்டாவது கொலைகளையும் சேர்த்துக் கண்டிக்காமல் தன்னால் பேச முடியாது என்றார் மாரின். நட்பு அத்தோடு முறிந்தது. சுதந்திரம் கேட்பவர்களையெல்லாம் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினார், ஹைட்டியின் சுதந்திரத்துக்காக எழுதிய அதே மனிதர்.

அவர் கெட்டவராகிவிட்டார் என்று இதற்குப் பொருளில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் வாஷிங்டனுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். தீவின் தலைநகர் சான் ஹுவானின் தெருவுக்கு அல்ல. யாருக்குப் பதில் சொல்கிறோமோ அவர்களின் கண்ணால் பார்க்கப் பழகிவிடுவது மனித இயல்பு. கொள்கை உறுதி மட்டும் அதைத் தடுத்துவிடாது என்பதற்கு குரூனிங்கைவிட நல்ல சான்று கிடைக்காது.

மீன் ஓரிடம், பணம் வேறிடம்

1939-இல் அவர் அலாஸ்காவின் ஆளுநரானார். தானாகக் கேட்டுப் பெற்ற பதவி அல்ல அது. உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கிஸோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. தலைநகரிலிருந்து அவரை அப்புறப்படுத்தும் வழியாகவே பலர் அந்த நியமனத்தைப் பார்த்தார்கள். அலாஸ்கா மக்களும் மகிழவில்லை. தங்களில் ஒருவரை நியமிக்காமல் கிழக்குக் கரையிலிருந்து ஒருவரை அனுப்புகிறார்களே என்ற வருத்தம் அவர்களுக்கு. ஆக, ஒரு நிலப்பரப்பின் ஆட்சித் தலைமை, தலைநகரின் உள்பூசலைத் தீர்க்கும் வசதியாகப் பயன்பட்டது. அந்த ஊர் மக்களின் தேவை அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அலாஸ்கா ஏறக்குறைய இந்தியாவின் பாதிப் பரப்பு கொண்டது. 1867-இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டது. 1940 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 72,524 பேர்தான். 1912 சட்டப்படி அவர்களுக்கு ஒரு சட்டமன்றம் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 60 நாள் கூடும். நாடாளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவருக்குப் பேச்சுரிமை உண்டு, வாக்குரிமை கிடையாது. அதிபர் தேர்தலில் மக்களுக்கு வாக்கில்லை. மீன்வளத்தின் மீது சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை. அலாஸ்காவின் பெருஞ்செல்வமோ சால்மன் மீன்.

இதன் விளைவு எளிய மனிதர்களின் வலையில் தெரிந்தது. சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ நகரங்களைச் சேர்ந்த பதப்படுத்தும் நிறுவனங்கள், மீன் ஏறிவரும் கடல்வழியில் பெரிய நிலைப்பொறிகளை அமைத்து மொத்தமாக அள்ளின. கையால் வலை போடும் உள்ளூர் மீனவருக்கு மிச்சம்தான். 1948-இல் இதுபற்றி மக்கள் கருத்து கேட்கப்பட்டபோது, பொறிகளை ஒழிக்க 19,712 பேரும், வேண்டாம் என்று 2,624 பேரும் வாக்களித்தார்கள். ஏழு மடங்குக்கும் மேலான பெரும்பான்மை. ஆனாலும் பொறிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. முடிவெடுக்கும் அதிகாரம் வாஷிங்டனில் இருந்தது. 1953-இல் மீன் வரத்து குன்றி, அந்தக் கடலோர ஊர்களைப் பேரிடர் பகுதிகள் என்று அதிபரே அறிவிக்க நேர்ந்தது. கப்பல் போக்குவரத்திலும் இதே கதைதான். 1920-ஆம் ஆண்டுச் சட்டம் சியாட்டில் துறைமுகத்துக்குச் சாதகமாக அமைந்து, அலாஸ்காவின் சரக்குக் கட்டணத்தை ஏற்றியது. வழக்குப் போட்டார்கள். துறைமுகங்களுக்கிடையே பாகுபாடு கூடாது என்ற அரசமைப்பு விதி மாநிலங்களுக்கே பொருந்தும், பிரதேசங்களுக்குப் பொருந்தாது என்று 1922-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரிசி, மாவு, மரச்சாமான் என எதை வாங்கினாலும் அந்தத் தீர்ப்பின் விலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

குரூனிங் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வெளியே போகும் செல்வத்தில் ஒரு பங்கு உள்ளூர்ப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வர வேண்டும் என்று 1941-இல் வருமான வரி உள்ளிட்ட வரிச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். மீன், சுரங்க நிறுவனங்களின் ஆட்கள் சட்டமன்றத்தில் அதை முறியடித்தார்கள். கருவூலம் வற்றும் நிலைக்கு வந்த பிறகு, 1949-இல்தான் வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. இடையில் எட்டு ஆண்டுகள். மக்களிடம் போய் வாக்குக் கேட்டு வென்ற ஆளுநராக இருந்திருந்தால், 'இதற்குத்தான் மக்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்' என்று சட்டமன்றத்தின் முன் நின்று சொல்லியிருக்கலாம். நியமிக்கப்பட்டவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எதிரிகளுக்கோ, அவரை வெளியூர்க்காரர் என்று ஒதுக்கிப் பேசுவது வசதியாக இருந்தது.

அவரால் முடிந்தது

அவர் சாதித்ததும் குறைவில்லை. பழங்குடியினருக்கு அனுமதி இல்லை என்று உணவகங்களும் விடுதிகளும் வெளிப்படையாகவே பலகை மாட்டியிருந்த காலம் அது. த்லிங்கிட் பழங்குடியைச் சேர்ந்த எலிசபெத் பெரட்ரோவிச்சும் அவர் கணவரும் 1941 இறுதியில் இதுபற்றி ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். குரூனிங் அவர்களோடு சேர்ந்து நின்றார். இந்தப் பாகுபாட்டைத் தடை செய்ய 1943-இல் கொண்டுவந்த மசோதா தோற்றது. 1945-இல் பெரட்ரோவிச் சட்டமன்ற மேலவையில் சாட்சியம் அளித்து உறுப்பினர்களைத் தலைகுனிய வைத்த பிறகு நிறைவேறியது. பிப்ரவரி 16 அன்று குரூனிங் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் தேசியக் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது அதற்கு 19 ஆண்டுகள் கழித்து.

இங்கே கவனிக்க வேண்டியது: அந்தச் சட்டத்தை நடத்திக் கொடுத்தது பழங்குடி மக்களின் அமைப்பும், அவர்களால் அசைக்க முடிந்த சட்டமன்றமும். ஆளுநரின் நல்லெண்ணம் பெரிய துணை. அதுவே அடித்தளம் அல்ல. அதே ஆளுநர், பழங்குடியினருக்குத் தனி நில ஒதுக்கீடு என்ற கோரிக்கையை எதிர்த்தார். பிற்காலத்தில் யூக்கான் நதியில் ராம்பார்ட் அணை கட்ட வேண்டும் என்று வாதாடினார். கட்டியிருந்தால் அதபாஸ்கன் பழங்குடி மக்களின் ஊர்கள் பல மூழ்கியிருக்கும். ஒரு விஷயத்தில் தொலைநோக்கு உள்ளவர் இன்னொன்றில் பிழைபடுவது இயல்பே. பிழையைத் திருத்தும் வழி மக்களிடம் இருக்கிறதா என்பதுதான் ஆட்சிமுறைக்கான சோதனை. 13 ஆண்டுகளுக்கு மேல் ஆளுநராக இருந்த குரூனிங் அந்தக் காலத்தில் ஒருமுறைகூட வாக்காளர் முன் நிற்கவில்லை.

அடுத்து வந்தவர்

தன் பதவியின் குறையை அவரே உணர்ந்திருந்தார். அலாஸ்கா மாநிலமாக வேண்டும், ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பதவியில் இருந்துகொண்டே நாடு முழுதும் பேசினார். 1946-இல் நடந்த வாக்கெடுப்பில் 9,630 பேர் மாநிலத் தகுதிக்கு ஆதரவு, 6,822 பேர் எதிர்ப்பு. 1950-இல் நாடாளுமன்றத்தின் கீழவை மசோதாவை நிறைவேற்றியது; மேலவையில் நின்றுபோனது.

1953-இல் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர் அதிபரானார். குரூனிங் விலக, ஃபிராங்க் ஹைன்ட்சில்மன் நியமிக்கப்பட்டார். புதியவர் 1954-இல் கீழவைத் தலைவருக்குக் கடிதம் எழுதி, அலாஸ்காவைப் பிரித்து ஒரு பகுதிக்கு மட்டும் மாநிலத் தகுதி தரலாம் என்று யோசனை சொன்னார். மாநில இயக்கத்தினர் கொதித்துப்போனார்கள். இரண்டு ஆளுநர்கள், நேரெதிரான இரண்டு நிலைப்பாடுகள். இடையில் அலாஸ்கா மக்களின் விருப்பம் மாறவில்லை. வெள்ளை மாளிகையில் இருந்தவர் மட்டுமே மாறினார். நல்ல ஆளுநர் போதும் என்ற வாதம் உடைந்துபோகும் இடம் இதுதான். நல்லவரை அனுப்பும் கைதான் மற்றவரையும் அனுப்புகிறது.

குரூனிங் ஓய்ந்துவிடவில்லை. 1955 நவம்பரில் ஃபேர்பேங்க்ஸ் அருகே பல்கலைக்கழகத்தில் 55 பேராளர்கள் கூடி, அலாஸ்காவுக்கு அரசமைப்புச் சட்டம் எழுதத் தொடங்கினார்கள். அங்கே அவர் ஆற்றிய உரையின் தலைப்பே அமெரிக்கக் காலனியாதிக்கத்துக்கு முடிவு கட்டுவோம் என்பது. மாநிலமாகும் முன்பே மேலவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள் மக்கள். அவர்களில் குரூனிங்கும் ஒருவர். அவருக்கு இருக்கை தரப்படவில்லை. 1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா 49-வது மாநிலமானது. இப்போது முறையாகவே மேலவை உறுப்பினராகப் போனார். நிலைப்பொறிகள் தடை செய்யப்பட்டன.

1964 ஆகஸ்டில், வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் டோன்கின் தீர்மானம் மேலவைக்கு வந்தது. ஆதரவு 88, எதிர்ப்பு 2. அந்த இருவரில் ஒருவர் ஆரிகன் மாநிலத்தின் வேய்ன் மோர்ஸ், இன்னொருவர் அலாஸ்காவின் குரூனிங். அலாஸ்கா இன்னும் பிரதேசமாகவே இருந்திருந்தால் அந்த ஒரு வாக்கு இருந்திருக்காது. 1968-இல் கட்சி உள்தேர்தலில் மைக் கிராவலிடம் தோற்றார். அப்போது அவருக்கு வயது 81. 1974-இல் காலமானார். மக்களால் அவரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. அந்த உரிமையை அவர்களுக்குப் பெற்றுத்தரப் போராடியவர்களில் அவரே முன்னணியில் இருந்தார்.

சொல்லப்படும் மறுப்புகள்

மாநிலத் தகுதிக் கோரிக்கைக்கு வரும் முதல் மறுப்பு, மக்கள்தொகை குறைவு, சொந்த வருமானம் போதாது என்பது. அலாஸ்காவுக்கும் இதையேதான் சொன்னார்கள். மாநிலமானபோது 10 கோடி ஏக்கருக்கு மேல் நிலம் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை அதற்குக் கிடைத்தது. அப்படித் தேர்ந்தெடுத்த வடகோடி நிலத்தில், புருடோ விரிகுடாவில், 1968-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. எல்லா ஊரிலும் எண்ணெய் கிடைக்காதுதான். ஆனால், வருவாயின் மீது முழு உரிமை இல்லாத ஓர் ஆட்சியைப் பார்த்து உனக்கு வருவாய் இல்லை என்று சொல்வது வாதமாகாது. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் மக்கள்தொகை 12.48 லட்சம்; மாநிலங்களான சிக்கிமையும் மிசோரமையும்விட அதிகம்.

எல்லைப் பாதுகாப்பு என்பது அடுத்தது. ஜம்மு காஷ்மீருக்கு இது கனமான வாதம், புறந்தள்ள முடியாது. அலாஸ்காவோ 1942-இல் ஜப்பானியப் படை இறங்கிய மண்; பெரிங் நீரிணைக்கு அப்பால் சோவியத் ஒன்றியம் இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. மாநிலமாக்கும் சட்டத்திலேயே, வடக்கு, மேற்குப் பகுதிகளில் குறிப்பிட்ட நிலங்களைத் தேசப் பாதுகாப்புக்காக எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அதிபருக்கு எழுதி வைத்தார்கள். பாதுகாப்புக்குத் தேவையானதை வரையறுத்து வைத்துக்கொண்டு மீதியை மக்களிடம் கொடுத்தார்கள்.

மூன்றாவது மறுப்புக்கு நியாயம் உண்டு. புதுச்சேரி அந்தக் கால அலாஸ்கா அல்ல. இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வர் இருக்கிறார். மக்களவையிலும் மாநிலங்களவையிலும் வாக்குரிமையுள்ள உறுப்பினர் ஒவ்வொருவர் இருக்கிறார்கள். உண்மை. ஆனால், 1963-ஆம் ஆண்டு ஒன்றியப் பிரதேச ஆட்சிச் சட்டப்படி, அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் துணைநிலை ஆளுநர் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். அவசரம் என்று கருதினால் இடையில் தானே முடிவெடுக்கலாம். ரேஷன் கடையில் இலவச அரிசி தருவதா, அதற்குரிய பணத்தை வங்கிக் கணக்கில் போடுவதா என்ற கேள்வியே இப்படித் தில்லிக்குப் போனது; அமைச்சரவை அரிசி என்றது, தில்லி பணம் என்றது. குடும்ப அட்டையோடு வரிசையில் நிற்பவருக்கு, தன் தட்டில் என்ன விழும் என்பதை முடிவு செய்தவர் யார், அவரைத் தேர்தலில் கேள்வி கேட்க முடியுமா என்பது சட்ட நுணுக்கம் அல்ல.

உள்ளூர் அரசியல்வாதிகள் ஊழல் செய்தால் தட்டிக்கேட்க ஒருவர் வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டும். அதற்குத் தணிக்கைத் துறை, நீதிமன்றம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் ஆகியவை உண்டு. தேர்தலில் மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு மேலதிகாரி ஊழலுக்கு மருந்தாக மாட்டார். அலாஸ்காவில் வெளியூர் நிறுவனங்கள் செழித்தது உள்ளூர் மக்களாட்சி வலுவாக இருந்ததால் அல்ல, அது ஊனமாக வைக்கப்பட்டிருந்ததால்.

செய்ய வேண்டியவை

முழு மாநிலத் தகுதிதான் இறுதித் தீர்வு. ஜம்மு காஷ்மீருக்கு இயன்ற விரைவில் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாளை இன்னோர் ஒன்றியப் பிரதேசத்துக்கும் இதே நிலை வரலாம் என்பதால், 'இயன்ற விரைவில்' என்பதற்கு ஒரு தேதி குறிக்கும் வழக்கத்தை நாடாளுமன்றம் தொடங்க வேண்டும். பாதுகாப்புக்கு எந்தெந்த அதிகாரம் தேவையோ அதைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுதலாம்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை, மாநிலத் தகுதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத திருத்தங்கள் பல இருக்கின்றன. துணைநிலை ஆளுநர் எந்தெந்த விஷயங்களை மட்டும் தில்லிக்கு அனுப்பலாம் என்று 1963 சட்டத்தில் வரையறுக்க வேண்டும். அனுப்பினால் காரணத்தை எழுத்தில் தந்து வெளியிட வேண்டும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் அமைச்சரவையின் முடிவே நடைமுறைக்கு வர வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருள்ள சட்டமன்றத்தில் மத்திய அரசு நியமிக்கும் மூன்று உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சட்டம் அப்படி இருப்பதால் தீர்ப்பும் அப்படி இருக்கிறது. ஆகவே சட்டத்தைத் திருத்தி, நம்பிக்கை வாக்கெடுப்பிலும் நிதிநிலை அறிக்கையிலும் அவர்களுக்கு வாக்கு இல்லை என்று ஆக்க வேண்டும்.

நியமனத்துக்கு முன் முதல்வரைக் கலந்தாலோசிப்பது கட்டாயமாக வேண்டும். 2021 பிப்ரவரி முதல் 2024 ஆகஸ்டு வரை புதுச்சேரிக்கு முழுநேரத் துணைநிலை ஆளுநரே இல்லை. வேறு மாநில ஆளுநர்கள் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார்கள். இத்தகைய ஏற்பாட்டுக்கு மூன்று மாதம் என்று உச்சவரம்பு வைக்கலாம். சரக்கு, சேவை வரி மன்றத்தில் புதுச்சேரியை மாநிலமாக மதித்து உட்காரவைக்கும் மத்திய அரசு, நிதிக்குழுவின் வரிப்பகிர்வில் மட்டும் அதை வெளியே நிறுத்துகிறது. இந்த முரண்பாட்டை நீக்கி, புதுச்சேரியை நிதிக்குழுவின் வரம்புக்குள் கொண்டுவருவதே முதலில் செய்ய வேண்டிய வேலை. அதற்கான அரசமைப்புத் திருத்த மசோதாவை அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவரும்படி புதுச்சேரியின் இரண்டு உறுப்பினர்களும், கட்சி வேறுபாடு பாராமல் தமிழ்நாட்டு உறுப்பினர்களும் வலியுறுத்த வேண்டும்.